வீட்டில் நோயாளிக்கு ஒப்புரவு, நோயில்பூசுதல், வழியுணவு: ஃபாதரை அழைப்பது முதல் அடுத்த மாதம் வரை

எங்கள் பங்கில் (பங்குக் கோவிலில்) நற்கருணைப் பணியாளராக, அதாவது பூசையில் அர்ச்சித்த அப்பத்தைக் கொண்டுபோய்க் கொடுப்பவராக, நோயாளிகளின் வீடுகளுக்குப் போய்வருகிறேன். பூசுதலுக்காக ஃபாதர் கிளம்பும்போது பல தடவை பைக்கில் பின்னால் உட்கார்ந்து போனதும் உண்டு. அங்கெல்லாம் பார்ப்பது ஒரே தடுமாற்றம்தான். சாயங்காலமே நினைவு தப்பியிருக்கும், ராத்திரி 11 மணிக்கு போன் வரும். நாங்கள் போய் நிற்கும்போதுதான் ஒருவர் மெழுகுவர்த்தி தேடுவார், இன்னொருவர் டி.வி.யை அணைப்பார். "ரெண்டு நாள் முன்னாடியே கூப்பிட்டிருக்கலாம்" என்று மூலையிலிருந்து ஒரு குரல் கேட்கும். அந்த இரண்டு நாளில் என்ன செய்திருக்க வேண்டும் என்பதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

1. முதலில் வரிசையைப் புரிந்துகொள்ளுங்கள்

ஒப்புரவு (பாவசங்கீர்த்தனம்), அடுத்து நோயில்பூசுதல் (நோயாளிக்கு ஃபாதர் எண்ணெய் பூசிச் செபிப்பது), கடைசியில் நற்கருணை (நன்மை வாங்குவது). ஒரே வருகையில் மூன்றையும் பெறும்போது இதுதான் முறை.

ஒப்புரவு முதலில் வரக் காரணம், மற்ற இரண்டையும் அருள்நிலையில், அதாவது சாவான (மிகக் கனமான) பாவம் இல்லாத நிலையில், பெற வேண்டும் என்பது. சாவான பாவம் மனதில் கிடக்கும்போது நன்மை வாங்கக் கூடாது என்று புதுநன்மை வகுப்பிலேயே படித்திருக்கிறோம். படுக்கையில் கிடப்பவருக்கும் அதே சட்டம்தான். அடுத்து வரும் பூசுதல், உடல் தளர்ந்து மனம் கலங்கும் நேரத்தில் தூய ஆவியின் பலத்தையும் அமைதியையும் கேட்பது. நோயாளியின் ஆன்மாவுக்கு நல்லது என்றால் உடல்நலமும் கிடைக்கலாம். அதற்கு அப்புறம் நற்கருணை.

சாகும் ஆபத்தில் இருப்பவர் வாங்கும் நற்கருணைக்கு வழியுணவு என்று பெயர். தூரப் பயணம் போகிறவருக்கு வீட்டில் கட்டிக் கொடுக்கும் கட்டுச்சோறு மாதிரி என்று எங்கள் பழைய உபதேசியார் விளக்குவார். இதைவிடத் தெளிவான விளக்கம் நான் கேட்டதில்லை.

எண்ணெய்தான் கடைசி அருள்சாதனம் (திருச்சபையின் புனிதச் சடங்கு) என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். சாகிறவருக்கு உரிய அருள்சாதனம் வழியுணவுதான். அதனால் நேரம் மிகக் குறைவாக இருந்தால் வரிசையே மாறும்: சுருக்கமாகவாவது ஒப்புரவு, உடனே வழியுணவு, அதற்கு அப்புறமும் நேரம் இருந்தால் பூசுதல். விழுங்கவே முடியாத நிலையில் இருந்தால் பூசுதலோடு நின்றுவிடும்.

ஏன் முன்கூட்டி அழைக்க வேண்டும் என்பது இதிலேயே தெரிகிறது. நினைவு தப்பியவரால் பாவத்தைச் சொல்லவும் முடியாது, நற்கருணையை விழுங்கவும் முடியாது. மிஞ்சுவது பூசுதல்தான்.

2. எப்போது அழைப்பது

பெரியவர்கள் இன்றும் "அவஸ்தைப்பூசுதல்" என்றுதான் சொல்கிறார்கள். தாமதத்துக்குப் பாதிக் காரணம் அந்தப் பெயர். "சாமியார் வந்துட்டாருன்னா முடிஞ்சதுன்னு அர்த்தம்" என்று நோயாளியே பயந்துபோகிறார்.

திருச்சபைச் சட்டம் 1004 சொல்வது வேறு. நோயாலோ முதுமையாலோ ஒருவர் ஆபத்தான நிலைக்கு வரத் தொடங்கும்போதே பூசலாம். "தொடங்கும்போதே" என்ற வார்த்தையைப் பிடித்துக்கொள்ளுங்கள். புற்றுநோய் உறுதியாகிச் சிகிச்சை ஆரம்பிக்கும் நேரம், இதய அறுவை சிகிச்சைக்குத் தேதி குறித்த வாரம், பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்த நாள் எல்லாம் இதில் அடங்கும். குறிப்பிட்ட நோய் எதுவும் இல்லாமல் வயதினாலேயே மிகவும் தளர்ந்துபோனவர்களும் பெறலாம். குழந்தைகள் என்றால் விவரம் தெரிந்த வயது, அதாவது ஏறத்தாழ 7 வயது ஆகியிருக்க வேண்டும்.

நான் குடும்பங்களுக்குச் சொல்லும் அளவுகோல் எளிது. டாக்டர் "சொந்தக்காரங்களுக்குச் சொல்லிடுங்க" என்று சொல்லும் நாள் தாமதம். "அட்மிட் பண்ணிடலாம்" என்று சொல்லும் நாள்தான் சரியான நாள். ஆபரேஷனுக்கு முந்தைய நாள் நோயாளி தானே கோவிலுக்கு நடந்து வந்து, காலைப் பூசைக்குப் பிறகு பூசுதல் வாங்கிக்கொண்டு போவதைப் பார்த்திருக்கிறேன். அப்படி வருகிறவர்கள் முகத்தில் பயம் குறைவு.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. பிப்ரவரி 11 அன்று, லூர்து மாதா திருநாளில், உலக நோயாளர் தினத்துக்காகப் பல பங்குகளில் பொதுவாகப் பூசுதல் நடக்கும். அன்றைக்குத் தலைவலிக்காரரும் வரிசையில் நிற்பார், தேர்வு எழுதப் போகிற பையனையும் அம்மா இழுத்து வருவார். இது அவர்களுக்கானதல்ல. திருத்தலத்தில் வாங்கி வந்து வீட்டில் வைத்திருக்கும் எண்ணெயையும் இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அதைப் பக்தியோடு பூசிக்கொள்ளலாம், ஆனால் அது அருள்சாதனம் ஆகாது. நோயாளர் எண்ணெய் என்பது புனித வாரத்தையொட்டி ஆயர் (பிஷப்) மந்திரித்துப் பங்குகளுக்குக் கொடுத்தனுப்புவது. அதைக் குருவானவர் மட்டுமே பூச முடியும்.

3. யாரை அழைப்பது, போனில் என்ன சொல்வது

வீடு என்றால் பங்குத்தந்தையை, ஆஸ்பத்திரி என்றால் அங்குள்ள ஆன்ம குருவை (ஆஸ்பத்திரிக்கென்று உள்ள ஃபாதரை) அல்லது அந்த இடம் எந்தப் பங்கின் எல்லையில் இருக்கிறதோ அந்தப் பங்கை அழையுங்கள். சொந்த ஊர்ப் பங்கு 40 கிலோமீட்டர் தள்ளி இருக்கும்போது "எங்க ஃபாதர்தான் வரணும்" என்று காத்திருந்து நேரத்தை விட்டவர்கள் உண்டு. அவசரத்தில் எந்தக் குருவானவரும் வரலாம். சாகும் ஆபத்தில், ஒப்புரவு கேட்க வழக்கமான அனுமதி இல்லாத குருவானவர்கூடப் பாவமன்னிப்பு கொடுக்கலாம் என்று சட்டம் 976 சொல்கிறது.

யார் எதைச் செய்யலாம் என்பதிலும் குழப்பம் இருக்கிறது. என்னைப் போன்ற பொதுநிலையினர் (குருவாக இல்லாதவர்கள்) நற்கருணை கொண்டுவரலாம், தேவைப்பட்டால் வழியுணவாகவும் கொடுக்கலாம். பூசுதலும் பாவமன்னிப்பும் எங்களால் ஆகாது. திருத்தொண்டராலும் (டீக்கன்) ஆகாது. "நீங்களே கொஞ்சம் எண்ணெய் வச்சுட்டுப் போங்கண்ணே" என்று கேட்கும்போது சங்கடமாக இருக்கும்.

போனில் "ஃபாதர், அப்பாவுக்கு சீரியஸ், வாங்க" என்று மட்டும் சொல்லி வைத்துவிடாதீர்கள். அதை வைத்து அவர் எதையும் தயார் செய்ய முடியாது. இவற்றைச் சொல்லுங்கள்:

நோயாளிக்கு நினைவு இருக்கிறதா, பேச முடிகிறதா, காது கேட்கிறதா. விழுங்க முடிகிறதா, மூக்கில் ரைல்ஸ் டியூப் (உணவு செலுத்தும் குழாய்) போட்டிருக்கிறார்களா. வீட்டில் வேறு எத்தனை பேர் நன்மை வாங்கப் போகிறார்கள். வீட்டுக்கு அடையாளம் என்ன, தெருமுனையில் யார் நிற்பார்கள்.

நன்மை வாங்குவோர் எண்ணிக்கையைக் கேட்கக் காரணம், அவர் சிமிழில் (நற்கருணை வைக்கும் சின்னப் பெட்டியில்) எண்ணித்தான் எடுத்து வருவார். தெருமுனையில் ஆள் நிறுத்தச் சொல்வது ராத்திரியில் நாய்களிடம் மாட்டிய அனுபவத்தில்.

4. மறைக்காமல் முன்பே சொல்ல வேண்டியவை

கல்யாணம் ரிஜிஸ்டர் ஆபீஸில் மட்டும் நடந்தது, கோவிலில் நடக்கவில்லை என்ற விஷயத்தைக் குடும்பங்கள் கடைசிவரை சொல்வதில்லை. வெட்கம்தான் காரணம். ஒப்புரவுக்கு நடுவில் அது வெளியே வந்தால், அதே படுக்கையருகே அதையும் சரிசெய்ய ஃபாதருக்கு நேரமோ சாட்சிகளோ இருக்காது. சாகும் ஆபத்தில் திருமணத்தை ஒழுங்குபடுத்தச் சட்டத்தில் எளிதான வழிகள் உண்டு. முன்பே தெரிந்தால் தயாராக வருவார். முந்தைய மணத்தின் துணை உயிரோடு இருப்பது போன்ற சிக்கல் என்றாலும் நீங்களாகவே "அவருக்குக் கிடைக்காது" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அழையுங்கள், முடிவு ஃபாதருடையது.

நோயாளி உறுதிபூசுதல் (வழக்கமாக ஆயர் கொடுக்கும் அருள்சாதனம்) பெறாதவர் என்றால் அதையும் சொல்லுங்கள். சாகும் ஆபத்தில் ஆயருக்குக் காத்திருக்காமல் எந்தக் குருவானவரும் அதைக் கொடுக்கலாம்.

கணவர் ஆர்.சி. (கத்தோலிக்கர்), மனைவி சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) என்ற குடும்பங்கள் நம்மிடம் நிறைய. நோயாளி சி.எஸ்.ஐ. என்றால் பொதுவாக அவருடைய சபைப் போதகரைத்தான் அழைக்க வேண்டும். சாகும் ஆபத்தில் தம் சபை ஊழியரை அடைய முடியாத நிலையில், தாமே விரும்பிக் கேட்டு, இந்த அருள்சாதனங்களைப் பற்றிக் கத்தோலிக்க விசுவாசத்தை வெளிப்படுத்தி, தகுந்த மனநிலையிலும் இருந்தால் கத்தோலிக்கக் குருவானவர் கொடுக்க வழி உண்டு. மகனோ மருமகளோ ஆசைப்படுவது மட்டும் போதாது, நோயாளி கேட்க வேண்டும். ஞானஸ்நானம் பெறாதவருக்கு இந்த மூன்றும் இல்லை. ஆனால் ஃபாதர் அவருக்காகவும் செபிப்பார், கேட்கத் தயங்க வேண்டாம்.

5. நோயாளியிடம் யார், எப்படிச் சொல்வது

தெரியாமல் அழைத்து வந்து நிறுத்தாதீர்கள். கதவைத் திறந்ததும் ஃபாதரைப் பார்த்த ஒரு பெரியவர், "என்னடா, முடிவு பண்ணிட்டீங்களா?" என்று மகனைக் கேட்டார். அதற்கு அப்புறம் அந்த வீட்டில் ஒரு செபமும் நிம்மதியாக நடக்கவில்லை.

வீட்டில் யாருடைய பேச்சை அவர் கேட்பாரோ அவர் சொல்லட்டும். பொய் வேண்டாம், பயமுறுத்தலும் வேண்டாம். "ஆபரேஷனுக்கு முன்னாடி பாவசங்கீர்த்தனம் பண்ணி நன்மை வாங்கிக்கலாமாப்பா? பூசுதலும் வாங்கிக்கலாம்" என்பது போதும். நோயுற்றவர் மூப்பர்களை அழைக்கட்டும் என்று யாக்கோபு 5-ஆம் அதிகாரம் சொல்கிறது. அழைக்க வேண்டியவரே நோயாளிதான் என்பதைப் பல வீடுகள் மறந்துவிடுகின்றன.

வேண்டாம் என்று சொன்னால் வற்புறுத்தாதீர்கள். ஃபாதர் சும்மா நலம் விசாரிக்க ஒரு நடை வரட்டும். இரண்டாவது வருகையில் மனம் மாறியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நினைவிழந்தவர் என்றால் கேள்வி வேறு: நினைவோடு இருந்திருந்தால் கேட்டிருப்பாரா? பூசைக்கு வந்துபோனவர், வீட்டில் செபமாலை சொன்னவர் என்றால் கேட்டிருப்பார் என்றே கொள்ளப்படும்.

6. அறையும் மேசையும்

ஒரு சின்ன மேசை அல்லது ஸ்டூல். மருந்துப் பாட்டில்களை அகற்றிவிட்டு வெள்ளைத் துணி விரியுங்கள். அதன்மேல் பாடுபட்ட சுரூபம் (சிலுவையில் அறையுண்ட இயேசுவின் உருவம்), இரண்டு மெழுகுவர்த்தி, தீர்த்தம் (மந்திரித்த தண்ணீர்), ஒரு டம்ளர் தண்ணீர், ஸ்பூன், கொஞ்சம் பஞ்சு. சிமிழை வைக்க நடுவில் இடம் விடுங்கள். நோயாளி கண்ணில் படும் பக்கமாக மேசை இருக்கட்டும். தலைமாட்டுக்குப் பின்னால் வைத்தால் அவரைத் தவிர மற்ற எல்லாருக்கும் தெரியும்.

ஆக்சிஜன் சிலிண்டரோ கான்சன்ட்ரேட்டரோ ஓடும் அறையில் மெழுகுவர்த்தி ஏற்றவே கூடாது. இதை யாரும் யோசிப்பதில்லை. திரியை ஏற்றாமல் வைத்தாலே போதும். மின்விசிறியைக் குறைத்து வையுங்கள். காற்றில் அப்பம் பறக்கும் என்பது ஒன்று, ஃபாதர் சொல்வது நோயாளி காதில் விழ வேண்டும் என்பது இன்னொன்று.

நற்கருணையோடு வரும்போது ஃபாதர் பேச்சுக் கொடுக்க மாட்டார். வாசலிலேயே "வாங்க ஃபாதர், காபி போடட்டுமா" என்று ஆரம்பிக்காதீர்கள். ஒருவர் எரியும் மெழுகுவர்த்தியோடு வாசலில் நின்று, அறை வாசல் வரை பேசாமல் முன்னே நடந்தால் போதும். மேசையில் வைத்ததும் முழங்காலிட முடிந்தவர்கள் முழங்காலிடுங்கள். காபி கடைசியில்.

7. ஒப்புரவு: எல்லாரும் வெளியே

அதிகம் சொதப்புவது இங்கேதான்.

தீர்த்தம் தெளித்துச் சின்ன செபம் சொல்லிவிட்டு ஃபாதர் உங்களைப் பார்ப்பார். அவர் வாய்விட்டுச் சொல்லும்வரை காத்திருக்காமல் அறையை விட்டு வெளியேறுங்கள். வீட்டு நர்ஸ், பேரன், "நான் கை பிடிச்சுக்கிறேன்" என்று நிற்கும் மகள், எல்லாரும்தான். கதவைச் சாத்துங்கள். கதவு இல்லாத வீடு என்றால் முற்றத்துக்குப் போய்விடுங்கள்.

ஒரு வீட்டில் மகன் வாசற்படியிலேயே நின்று, "அம்மா ஒரு பாவமும் பண்ணாதவங்க ஃபாதர், பூசுதல் மட்டும் போதும்" என்றார். உள்ளேயிருந்து குரல் வந்தது: "அதை நான் சொல்லிக்கிறேன், நீ போடா." அந்த அம்மாவுக்கு 82 வயது. 20 நிமிடம் கதவு சாத்தியே இருந்தது. வெளியே நின்ற மகன் என்னிடம் வாட்ச்சைக் காட்டிக்கொண்டே இருந்தார்.

நோயாளிக்குக் காது மந்தம் என்றால் சத்தமாகப் பேச வேண்டியிருக்கும், தெருவுக்கே கேட்கும். அப்படிப்பட்ட வீட்டில் எல்லாரும் எதிர்வீட்டுக்குப் போய்விடுவது நல்லது. தற்செயலாக எதுவும் காதில் விழுந்தால் அதை வெளியே சொல்லக் கூடாது என்ற கடமை கேட்டவருக்கும் உண்டு. ஃபாதரைப் பொறுத்தவரை, எந்தக் காரணத்துக்காகவும் அந்த ரகசியத்தை உடைக்க முடியாது. அதனால் "அப்பா சொத்து விஷயமா ஏதாவது சொன்னாரா ஃபாதர்?" என்ற கேள்வியே வேண்டாம்.

முந்தைய நாளே நோயாளி தயாராக உதவலாம். கடைசியாக எப்போது ஒப்புரவு செய்தார் என்பதை ஞாபகப்படுத்துங்கள். பத்துக் கட்டளைகளை நிதானமாக வாசித்துக் காட்டுங்கள். உங்கள் வேலை அதோடு முடிந்தது. "தம்பிகூடப் பேசாம இருக்கீங்களே, அதைச் சொல்லுங்க" என்று பாவப் பட்டியல் எழுதிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அது உங்கள் பட்டியல், அவருடையதல்ல.

சாவான பாவங்களை வகையும் எண்ணிக்கையுமாகச் சொல்ல வேண்டும் என்பது விதி. ஆனால் மூச்சு வாங்குபவரிடம் அதை எதிர்பார்க்க மாட்டார்கள். பக்கவாதத்தில் பேச்சுப் போனவரிடம் ஃபாதர் கேள்வியாகக் கேட்பார். தலையசைத்தோ கையை அழுத்தியோ பதில் சொன்னால் போதும். ஞாபகம் தப்பித் தப்பி வருபவர் "என் எல்லாப் பாவங்களுக்கும் மனம் வருந்துகிறேன்" என்று சொன்னாலும் ஃபாதர் ஏற்றுக்கொள்வார். இன்றியமையாதது மனத்துயர்.

அதற்குப் பழைய செபங்கள் கைகொடுக்கும். மகள் பெயரையே மறந்துவிட்ட ஒரு பாட்டியின் காதருகே, "சர்வேசுரா சுவாமி" என்று உத்தம மனஸ்தாப மந்திரத்தின் முதல் வார்த்தைகளை மட்டும் அவருடைய மருமகள் எடுத்துக்கொடுத்தார். பாட்டி கண்ணை மூடிக்கொண்டு கடைசி வரி வரை சொல்லி முடித்தார். உங்கள் வீட்டுப் பெரியவருக்கு எந்த வடிவம் மனப்பாடமோ அதையே சொல்லிக்கொடுங்கள். புது மொழிபெயர்ப்பைக் காட்டிக் குழப்ப வேண்டாம்.

போனிலோ வீடியோ காலிலோ பாவமன்னிப்பு கிடையாது. ஆறுதல் சொல்லலாம், செபிக்கலாம், அவ்வளவுதான்.

ஃபாதர் கதவைத் திறந்ததும் எல்லாரும் உள்ளே வாருங்கள். என்ன பரிகாரம் கொடுத்தார் என்று கேட்காதீர்கள். குடும்பத்தில் நன்மை வாங்க விரும்புகிற யாருக்காவது ஒப்புரவு தேவை என்றால் இதற்கு முன்பே, முடிந்தால் முதல் நாளே கோவிலில் செய்துவிடுவது நல்லது. நோயாளியைக் காக்கவைத்து வரிசையில் நிற்பது சரியாக இருக்காது.

8. பூசுதல்

சிறு வாசகம், மன்றாட்டுகள். அடுத்து ஃபாதர் ஒன்றும் பேசாமல் நோயாளியின் தலைமேல் கைகளை வைப்பார். அமைதியாக இருக்க வேண்டிய இந்த நேரத்தில்தான் யாராவது பாட்டு எடுத்துவிடுவார்கள். சடங்கில் அந்த மௌனத்துக்கும் இடம் உண்டு.

அப்புறம் எண்ணெய். நெற்றியில் ஒரு முறை, இரண்டு உள்ளங்கையிலும். நெற்றியில் பூசும்போது, ஆண்டவர் தம் இரக்கத்தால் தூய ஆவியின் அருளைத் தந்து உதவட்டும் என்று வேண்டுவார். கைகளில் பூசும்போது, பாவத்திலிருந்து விடுவித்து, மீட்டு, எழுப்பட்டும் என்று வேண்டுவார். இரண்டுக்கும் நோயாளி "ஆமென்" சொல்ல வேண்டும், முடியாவிட்டால் நீங்கள் சேர்ந்து சொல்லுங்கள். கண், காது, மூக்கு என்று ஐம்புலன்களிலும் பூசியது பழைய முறை. 1972-இல் ஆறாம் பவுல் அதை மாற்றினார். "காலில் பூசவில்லையே" என்று தாத்தாவின் தங்கை கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

உங்கள் வேலை சின்னது. கை மடங்கிக் கிடந்தால் உள்ளங்கையை முன்பே மெதுவாக விரித்து வையுங்கள். ஒரு கையில் ஊசி போட்டுக் கட்டியிருந்தால் ஃபாதரிடம் காட்டுங்கள். கட்டாயமானால் நெற்றியில் மட்டும் பூசினாலும் அருள்சாதனம் நிறைவானதே. பூசிய எண்ணெயை ஓடிவந்து துடைக்காதீர்கள், அது தானே உலரும். ஃபாதர் விரல் துடைத்த பஞ்சைக் குப்பையில் போடாமல் எரித்துச் சாம்பலை மண்ணில் சேர்த்துவிடுங்கள்.

ஒப்புரவு செய்ய முடியாத நிலையில் இருப்பவருக்கு, உள்ளத்தில் மனத்துயர் இருந்தால், பூசுதலின் வழியாகவே பாவமும் மன்னிக்கப்படுகிறது. "பேச முடியலையே, என்ன பிரயோஜனம்" என்று யாராவது கேட்டால் இதுதான் பதில்.

9. நற்கருணை: விழுங்குவதைப் பற்றி முன்பே யோசியுங்கள்

பட்டினி பற்றிய கவலை வேண்டாம். ஒரு மணி நேர உபவாசம் நோயாளிக்கும் முதியவருக்கும் அவர்களைக் கவனித்துக்கொள்கிறவருக்கும் கட்டாயமில்லை. மருந்தும் தண்ணீரும் யாருக்குமே தடையில்லை. சுகரோடு இருக்கும் அம்மாவைச் சாப்பிடவிடாமல் 3 மணி நேரம் உட்காரவைத்த வீடு ஒன்று உண்டு. நாங்கள் போனபோது அவருக்கு மயக்கம்.

உண்மையான சிக்கல் விழுங்குவது. முந்தைய நாள் இட்லியோ கஞ்சியோ இறங்குகிறதா, புரையேறுகிறதா என்று கவனித்துச் சொல்லுங்கள். ஃபாதர் அப்பத்தில் நகக்கண் அளவு துண்டு மட்டும் உடைத்துக் கொடுப்பார். சின்னத் துண்டிலும் முழுக் கிறிஸ்துவே இருக்கிறார் என்பது நம் விசுவாசம், அதனால் "முழுசா கொடுங்க" என்று கேட்க வேண்டியதில்லை. நாக்கு வறண்டிருந்தால் முன்பே ஒரு ஸ்பூன் தண்ணீர், வாங்கிய பிறகு இன்னொரு ஸ்பூன். தலையணையை உயர்த்திச் சாய்ந்த நிலையில் வையுங்கள். படுத்தபடி கொடுத்தால் புரையேறும்.

திடமாக எதுவும் இறங்காது என்றால் திரு இரத்தத்தை (அர்ச்சித்த இரசத்தை) மட்டும் சில துளிகள் கொடுக்கலாம். ஆனால் அதைப் பூசையில் அர்ச்சித்துத் தனிக் குப்பியில் கொண்டுவர வேண்டும். வந்து நின்ற ஃபாதரிடம் வாசலில் சொன்னால் நடக்காது, முந்தைய நாளே சொல்ல வேண்டும்.

நோயாளி துப்பிவிட்டால் பதறாதீர்கள், யாரும் கையால் வழித்து எறியவும் வேண்டாம். ஃபாதரோ பணியாளரோ அதை எடுத்துத் தண்ணீரில் கரையவிட்டு, கோவிலில் அதற்கான இடத்திலோ காலடி படாத மண்ணிலோ ஊற்றுவார்கள்.

வழியுணவாகக் கொடுக்கும்போது ஞானஸ்நான வாக்குறுதிகளைப் புதுப்பிக்கச் சொல்வார்கள். மேசையிலுள்ள மெழுகுவர்த்தி நோயாளி கண்ணில் படட்டும். அவர் தடுமாறினால் நீங்களும் சேர்ந்து "விசுவசிக்கிறேன்" என்று சொல்லுங்கள். நன்மை வாங்கியதும், கிறிஸ்து உம்மைக் காத்து நிலைவாழ்வுக்கு அழைத்துச் செல்வாராக என்ற பொருளில் ஒரு வாக்கியம் கூடுதலாக வரும். சாதாரண நற்கருணையில் அது கிடையாது.

அன்று காலையிலேயே நன்மை வாங்கியிருந்தாலும், திடீரென நிலைமை மோசமானால் வழியுணவாக மறுபடியும் வாங்கலாம், வாங்கச் சொல்லியே திருச்சபை கேட்கிறது. ஆபத்து நீடித்தால் அடுத்தடுத்த நாள்களிலும் கொடுக்கலாம்.

10. ஐ.சி.யூ.வில் என்றால்

முதலில் டியூட்டி நர்ஸிடம் பேசுங்கள். "ஃபாதர் வருவார், 5 நிமிடம், ஒருவர் மட்டும் கூட வருவோம்" என்று சொன்னால் பெரும்பாலும் ஒத்துழைப்பார்கள். பத்துப் பேர் கூட்டமாகப் போய் நின்றால் ஒருவரையும் விட மாட்டார்கள். மெழுகுவர்த்தி கிடையாது. வாய் வழியாக எதையும் கொடுக்க நர்ஸ் அனுமதி தேவை. தொற்று அபாயம் இருக்கும் இடத்தில் கையால் தொடாமல் பஞ்சு போன்றவற்றால் பூசவும் சட்டம் இடம் தருகிறது. செபங்கள் சுருங்கும்.

வென்டிலேட்டரில் இருப்பவரிடமும் பேசுங்கள். ஃபாதர் வந்திருக்கிறார், இப்போது நெற்றியில் பூசுகிறார் என்று காதருகே சொல்லுங்கள்.

11. ஃபாதர் வருவதற்குள்

சும்மா நின்று அழுதுகொண்டிருக்க வேண்டாம். பாடுபட்ட சுரூபத்தை நோயாளி கையில் கொடுங்கள். மனஸ்தாப செபத்தை மெதுவாகச் சொல்லிக்கொடுங்கள். கடவுள்மேல் உள்ள அன்பினாலேயே எழும் முழுமனதான வருத்தம், முடிந்தவுடன் ஒப்புரவு செய்வேன் என்ற உறுதியோடு இருந்தால், சாவான பாவத்துக்கும் மன்னிப்பைத் தரும். குருவானவர் வரவே முடியாமல் போனாலும், வாழ்நாளில் செபிக்கும் வழக்கமுள்ளவருக்கு, தகுந்த மனநிலையோடு இருந்தால், மரண வேளையில் பரிபூரண பலனை (பாவங்களுக்கான தண்டனை முழுதும் நீங்கும் சலுகையை) திருச்சபை தருகிறது. சின்னச் சின்ன வாக்கியங்களாகச் சொல்லுங்கள்: "இயேசுவே, என்மேல் இரக்கமாயிரும்." முழு மன்றாட்டு மாலையைச் சத்தமாக ஓட்டினால் நோயாளிக்குக் களைப்புதான்.

ஃபாதர் வருவதற்குள் உயிர் பிரிந்துவிட்டால் அதை அவரிடம் நேராகச் சொல்லுங்கள். இறந்தவருக்குப் பூசுதல் கிடையாது, இறந்தோருக்கான செபங்களைச் சொல்வார். சில வீடுகளில் "இன்னும் உயிர் இருக்கு ஃபாதர்" என்று பொய் சொல்லிப் பூசச் சொல்கிறார்கள். உண்மையிலேயே சந்தேகம் இருந்தால் அவரே பூசுவார், சட்டம் அதற்கு இடம் தருகிறது.

12. பிழைத்துக்கொண்டால், அடுத்த மாதம்

நிறையப் பேர் எழுந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். உடனே குடும்பம் ஃபாதரை மறந்துவிடும். அன்பிய (பங்கின் அக்கம்பக்கக் குழு) பொறுப்பாளரிடம் சொல்லி, வீட்டோடு இருப்பவர்களுக்கு நற்கருணை கொண்டுபோகும் பட்டியலில் பெயரைச் சேருங்கள். பல பங்குகளில் முதல் வெள்ளியன்று போவார்கள். அன்று காலை நோயாளியைக் குளிப்பாட்டி அல்லது துடைத்து, மேசையைத் தயார் செய்துவிடுங்கள். ஒப்புரவும் வேண்டும் என்றால் பணியாளரிடம் சொல்லி அனுப்புங்கள், அந்த மாதம் ஃபாதரே வருவார்.

பூசுதலை ஒரு தடவைதான் வாங்கலாம் என்பது தவறு. குணமாகி மறுபடி கடுமையாக நோயுற்றாலும், அதே நோயில் நிலைமை மேலும் மோசமானாலும் மீண்டும் பெறலாம். வாராவாரம் கேட்பது மட்டும் வேண்டாம்.

இதற்கெல்லாம் கட்டணம் கிடையாது. காணிக்கை கொடுப்பதும் கொடுக்காததும் உங்கள் விருப்பம். காசு இல்லையென்று அழைக்காமல் இருக்க வேண்டாம்.

வெள்ளைத் துணி, சுரூபம், இரண்டு மெழுகுவர்த்தி, தீப்பெட்டி, பஞ்சு, தீர்த்தப் பாட்டில், இவற்றை ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் போட்டு அலமாரியின் கீழ்த்தட்டில் வையுங்கள். மூடியின் உட்புறம் பங்குத்தந்தையின் எண்ணை எழுதி ஒட்டுங்கள். ஃபாதர் மாறும்போது எண்ணையும் மாற்றுங்கள். போன வருடம் ஒரு வீட்டில், ஊர் மாறிப்போய் மூன்று வருடமான ஃபாதருக்கு ராத்திரி 2 மணிக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தார்கள்.